கிறிஸ்மஸ் ரெக்கார்டு வேணுமா, மார்ச்சுல தேடுங்க

நவம்பர்ல சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் ரோட்டுல லைட்டு போட்டாங்களோ இல்லையோ, எனக்கு மெசேஜ் வர ஆரம்பிச்சிடும். "அண்ணே, அந்தப் பழைய ஆர் அண்ட் பி கிறிஸ்மஸ் ரெக்கார்டு எங்க கிடைக்கும், வீட்டுல பார்ட்டி வைக்கிறோம்"னு. வருஷா வருஷம் ஒரே பதில்தான் சொல்றேன், லேட்டுப்பா, மார்ச்சுல கேட்டிருக்கணும். தீபாவளிக்கு மொத நாள் சாயங்காலம் தேக்காவுல துணி எடுக்கப் போற மாதிரிதான் இது, கிடைக்காதுன்னு இல்ல, ஆனா மிச்சம் மீதிதான் கிடைக்கும், விலையும் கடைக்காரன் சொன்னதுதான். ஒவ்வொருத்தருக்கா தனித்தனியா டைப் அடிச்சு கை வலிக்குது, அதான் ஒரே மூச்சுல இங்க எழுதி வச்சிடுறேன்.

மொதல்ல ஒண்ணு, நான் சொல்ற ஆர் அண்ட் பி இப்ப ரேடியோவுல ஓடுற ஆர் அண்ட் பி கிடையாது. அமெரிக்காவுல கறுப்பினத்தவங்க பாடின பாட்டையெல்லாம் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்'னு ஒரு அசிங்கமான பேர்ல தனி லிஸ்டா போட்டுட்டு இருந்தாங்க, 1949 ஜூன்ல பில்போர்டு பத்திரிகை அந்தப் பேரைத் தூக்கிட்டு 'ரிதம் அண்ட் புளூஸ்'னு வச்சிது, அந்தப் பேரை எடுத்துக் கொடுத்தது அப்ப அங்க வேலை பார்த்த ஜெரி வெக்ஸ்லர், பின்னாடி அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் போய் பெரிய ஆளானவரு. நான் தேடுறது ஏறத்தாழ 1947லேர்ந்து 1970 வரைக்கும் வந்த கிறிஸ்மஸ் பாட்டுங்க. அதுக்கு அப்புறம் வந்ததுலயும் நல்லது இருக்கு, ஆனா எங்கயாவது ஒரு கோடு கிழிக்கலேன்னா வீட்டுல படுக்க இடம் இருக்காது.

எனக்கு இது ஒட்டிக்கிட்டது யீஷூன்ல, பக்கத்து வீட்டு அங்கிளால. அவங்க கிறிஸ்தவங்க, நாங்க இந்து. டிசம்பர் 24 சாயங்காலம் ஆனா ஒரு தட்டுல அச்சு முறுக்கும் ஃப்ரூட் கேக்கும் வரும், தீபாவளிக்கு நாங்க கொடுத்த அதே தட்டுதான் திரும்பி வரும். கிறிஸ்மஸ் பாட்டுன்னாலே மணி அடிக்கிற பாட்டுதான்னு நான் நெனச்சிட்டு இருந்த வயசு. அவரு வீட்டு கேசட்டுல ஒருத்தர் தூங்கி எழுந்த குரல்ல, அவசரமே இல்லாம, பியானோ பக்கத்துல சாஞ்சு நிக்கிற மாதிரி பாடிட்டு இருந்தாரு. கதவு கிரில்லைப் புடிச்சிட்டு நின்னே கேட்டேன். அது சார்ல்ஸ் பிரவுன்னு தெரிஞ்சிக்க எனக்கு இன்னும் பன்னெண்டு வருஷம் ஆச்சு.

சரி, விஷயத்துக்கு வரேன். காசை எடுக்கிறதுக்கு முன்னாடி காதைத் தீட்டுங்க. ஸ்ட்ரீமிங்ல எல்லாமே இருக்கு, ரெண்டு மாசம் சும்மா கேளுங்க. எது உங்களுக்குப் புடிக்குதுன்னு தெரியாம வாங்கினீங்கன்னா அலமாரிதான் நிறையும்.

நான் எல்லாருக்கும் மொதல்ல கொடுக்கிறது 'மெர்ரி கிறிஸ்மஸ் பேபி', 1947, எக்ஸ்குளூசிவ்னு ஒரு சின்ன லாஸ் ஏஞ்சலிஸ் கம்பெனி வெளியிட்டது. லேபிள்ல பெருசா இருக்கிற பேரு ஜானி மூர்ஸ் த்ரீ பிளேஸர்ஸ், அந்தக் குழுவுல பியானோ வாசிச்சு பாடினவருதான் சார்ல்ஸ் பிரவுன், அதனால தேடும்போது ரெண்டு பேர்லயும் தேடுங்க, ஒரு பேர்ல மட்டும் தேடி 'இல்லையே'ன்னு விட்டவங்க நிறைய. மனுஷன் டெக்சஸ்ல பொறந்து, கெமிஸ்ட்ரி படிச்சு, கொஞ்ச நாள் வாத்தியாரா இருந்துட்டு, 1940கள்ல லாஸ் ஏஞ்சலிஸ் போனவரு. இதே பாட்டை அவரே பிற்காலத்துல பல தடவை திரும்பப் பாடி ரெக்கார்டு பண்ணியிருக்காரு, எல்லாம் ஒண்ணுதான்னு நெனச்சிடாதீங்க. 1947 ஒலிப்பதிவுல டிரம்ஸ் கிடையாது, கிட்டார் பியானோ பேஸ் மட்டும்தான், அந்த வெறிச்சோடின சத்தம்தான் அதோட அழகே.

அவரோட இன்னொண்ணு 'ப்ளீஸ் கம் ஹோம் ஃபார் கிறிஸ்மஸ்', 1960, கிங் ரெக்கார்ட்ஸ். இதுல ஒரு வேடிக்கை என்னன்னா அந்த சிங்கிளோட (பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கிற சின்னத் தட்டு) மறுபக்கத்துல பாடியிருக்கிறது சார்ல்ஸ் பிரவுன் இல்ல, ஏமஸ் மில்பர்ன். ஒரே தட்டுல ரெண்டு பாடகர், ரெண்டு கிறிஸ்மஸ் பாட்டு. நான் மொதல் தடவை வாங்கினப்போ லேபிள் மாத்தி ஒட்டிட்டாங்கன்னே நெனச்சேன்.

ஆட்டம் போட வைக்கிற பாட்டு வேணும்னா மேபல் ஸ்காட் பாடின 'பூகி வூகி சான்டா கிளாஸ்', 1948. இந்த அம்மா கொஞ்ச காலம் சார்ல்ஸ் பிரவுனுக்கு மனைவியாவும் இருந்தாங்க, ரெண்டு பேர் பாட்டையும் அடுத்தடுத்து போட்டீங்கன்னா ஒரே வீட்டுல ஒருத்தர் மழை ஒருத்தர் வெயில்னு புரியும். அதே 1948ல ஓரியோல்ஸ் பாடின 'லோன்லி கிறிஸ்மஸ்' இருக்கு, பால்டிமோர் பசங்க, சன்னி டில்லோட குரல் அப்படியே உருகி ஓடும். லோவல் ஃபுல்சனோட 'லோன்சம் கிறிஸ்மஸ்' 1950, இது ரெக்கார்டோட ரெண்டு பக்கமும் சேர்ந்துதான் ஒரு பாட்டு, பாதியில எழுந்து போய் திருப்பிப் போடணும்.

கவனிச்சீங்களா, எத்தனை பாட்டு தனிமையில கிடக்குதுன்னு. ஊரை விட்டு வேலை தேடி டெக்சஸ்லேர்ந்து கலிஃபோர்னியா, மிசிசிப்பிலேர்ந்து சிகாகோன்னு போனவங்க காலம் அது, பண்டிகைக்கு வீடு போக முடியாதவன் ஜூக்பாக்ஸ்ல காசு போட்டு கேட்ட பாட்டுங்க. நம்ம ஊருல பொங்கலுக்கு லீவு இல்லாம டார்மிட்டரில உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ கால் போடுற தம்பிங்ககிட்ட ஒரு தடவை இதைப் போட்டுக் காட்டினேன், ஒரு வார்த்தை இங்கிலீஷ் விளக்க வேண்டியிருக்கல.

எல்லாருக்கும் தெரிஞ்ச ஒண்ணு சொல்றேன். 'ஹோம் அலோன்' படத்துல அந்தப் பொடியன் கண்ணாடி முன்னாடி சீப்பைப் புடிச்சிட்டு வாயசைப்பானே, அந்த 'ஒயிட் கிறிஸ்மஸ்' டிரிஃப்டர்ஸ் பாடினது, 1954, அட்லாண்டிக். மொதல்ல ஆழமா ஒரு குரல் வரும், அது பில் பிங்க்னி. அப்புறம் திடீர்னு மேல ஏறி ஒருத்தர் கூத்தடிப்பாரு பாருங்க, அது கிளைட் மெக்ஃபேட்டர். பிங் கிராஸ்பி பாடின அதே பாட்டுதான், ஆனா அவரு பனியைப் பார்த்து பாடினாரு, இவங்க பனியில சறுக்கிட்டே பாடுறாங்க.

அறுபதுகளுக்கு வந்தா எல்பி காலம், ஒரே தட்டுல நிறைய பாட்டு இருக்கிற பெரிய ரெக்கார்டு. ஒரே ஒரு எல்பி வாங்கினா போதும்னா நான் கை காட்டுறது 'சோல் கிறிஸ்மஸ்', 1968, ஆட்கோ கம்பெனி. ஓடிஸ் ரெடிங், கார்லா தாமஸ், வில்லியம் பெல், புக்கர் டி எல்லாரும் ஒரே தட்டுல. ஓடிஸ் 1967 டிசம்பர் 10ஆம் தேதி விமான விபத்துல போயிட்டாரு, அவரோட 'மெர்ரி கிறிஸ்மஸ் பேபி' வெளிவந்தது அடுத்த வருஷம். அதே தட்டுல கிளாரன்ஸ் கார்ட்டரோட 'பேக் டோர் சான்டா' இருக்கு, இசை அட்டகாசம், ரன் டிஎம்சிங்கிற ராப் குழு 1987ல தங்களோட கிறிஸ்மஸ் பாட்டுக்கு அங்கேர்ந்துதான் சுட்டாங்க, ஆனா வரிகளைப் புரிஞ்சிக்கிற வயசுல இருக்கிற சின்னப் பசங்க யாராவது பக்கத்துல இருந்தா அந்த டிராக்கைத் தாண்டிடுங்க, நான் சொல்றதைச் சொல்லிட்டேன்.

தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டரோட கிறிஸ்மஸ் ஆல்பம் எல்லாரும் கேட்பாங்க, டார்லீன் லவ், ரொனெட்ஸ், கிறிஸ்டல்ஸ். அது கடைக்கு வந்த நாள் 1963 நவம்பர் 22, கென்னடியைச் சுட்ட அதே நாள். நாடே இழவு வீடா கிடக்கும்போது எவன் கிறிஸ்மஸ் ரெக்கார்டு வாங்குவான், அந்த வருஷம் போணி ஆகல. அதனால ஒரிஜினல் கொஞ்சம் உசத்தி விலை. 1972ல பீட்டில்ஸோட ஆப்பிள் கம்பெனி அதைத் திரும்ப வெளியிட்டப்போ அட்டையில ஸ்பெக்டரே சான்டா வேஷத்துல நிப்பாரு. நான் வச்சிருக்கிறது அதுதான், கேக்குறதுக்கு அது தாராளம். மோட்டவுன் கம்பெனி பக்கம் மிராக்கிள்ஸ் 1963, சுப்ரீம்ஸ் 1965, ஸ்டீவி வொண்டர் 1967, டெம்ப்டேஷன்ஸும் ஜாக்சன் 5வும் 1970. இவங்கல்லாம் சுலபமா கிடைக்கிறவங்க, அவசரப்பட வேண்டாம்.

இப்போ முக்கியமான இடம், ஏமாறாம வாங்குறது எப்படி. என் கதையைச் சொல்றேன், சிரிக்காதீங்க. ஆன்லைன்ல ஒருத்தர் 'மெர்ரி கிறிஸ்மஸ் பேபி, 1947 ஒரிஜினல், 45 ஆர்பிஎம்'னு போட்டிருந்தாரு, 65 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஆர்பிஎம்னா தட்டு நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுன்னு அர்த்தம். டிசம்பர் 3ஆம் தேதி, கை பரபரன்னு இருக்கு, யோசிக்காம பேநவ்ல காசு அனுப்பிட்டேன். வீட்டுக்கு வந்து பளபளன்னு லேபிளைப் பார்த்துட்டே இருக்கும்போதுதான் மண்டையில அடிச்ச மாதிரி இருந்துச்சு. 45 ஆர்பிஎம் ரெக்கார்டையே ஆர்சிஏ விக்டர் கம்பெனி கொண்டு வந்தது 1949லதான்! 1947ல 45க்கு எங்க போறது? பிற்காலத்துல யாரோ அடிச்ச மறுபதிப்பு, பத்து வெள்ளி பெறும். வித்தவரைத் திட்டி பிரயோஜனம் இல்ல, அவருக்கே தெரிஞ்சிருக்காது, தெரிஞ்சிருக்க வேண்டியது நான்.

அதனால இந்தக் கணக்கை மனசுல போட்டுக்கங்க. 1949க்கு முந்தின சிங்கிள்னா அது 78 ஆர்பிஎம், பத்து அங்குலம், கனமா, உடையிற அரக்குத் தட்டு. எல்பி வந்தது 1948. ஸ்டீரியோ எல்பி கடைக்கு வந்தது 1958, அதனால 1954 பாட்டு மேல 'ஸ்டீரியோ'ன்னு இருந்தா அது பிற்காலத்துல மோனோவை (ஒரே தடத்துல பதிஞ்ச சத்தம்) புடிச்சி இழுத்து ரெண்டாக்கினது, பெரும்பாலும் குளியலறைக்குள்ள பாடுற மாதிரி இருக்கும். அமெரிக்கால அஞ்சு இலக்க ஜிப் கோடு வந்தது 1963 ஜூலை, அட்டையிலயோ லேபிள்லயோ கம்பெனி விலாசத்துல ஜிப் கோடு இருந்தா அது 1963க்கு முன்னாடி அடிச்சது இல்ல. பார்கோடு இருந்தா சொல்லவே வேணாம், எழுபதுகளோட கடைசிக்கு அப்புறம். இந்த நாலஞ்சு விஷயம் தெரிஞ்சாலே பாதி ஏமாத்து உங்ககிட்ட வராது.

அப்புறம் ரெக்கார்டைக் கையில எடுத்து, பாட்டு முடியிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவுல வழுவழுன்னு ஒரு வளையம் இருக்கும்ல, அதை லைட்டுக்குக் கீழ சாய்ச்சுப் பாருங்க. அங்க எண்ணும் எழுத்தும் கீறியோ அச்சுக் குத்தியோ இருக்கும். ரெக்கார்டு பதிப்புங்களைப் பட்டியல் போட்டு வச்சிருக்கிற டிஸ்காக்ஸ் இணையதளத்துல அந்த எண்ணைப் போட்டா எந்தப் பதிப்புன்னு தெரிஞ்சிடும். லேபிளை யாரும் போலியா அடிக்கலாம், அந்த எண்ணை அச்சு அசலா கொண்டு வர்றது கஷ்டம். ஆன்லைன்ல வாங்கும்போது அந்த இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, அனுப்ப மாட்டேன்னா விட்டுத் தள்ளுங்க.

இன்னொண்ணு, புக்கர் டி அண்ட் த எம்ஜிஸோட 'இன் த கிறிஸ்மஸ் ஸ்பிரிட்' 1966ல வந்தப்போ அட்டையில கீபோர்டு மேல ரெண்டு கை இருக்கும், அடுத்த பதிப்புல அந்தக் கை போய் சான்டா வந்துட்டாரு. கை அட்டைதான் அரிது. யாராவது பழைய பொட்டிக்குள்ள கை அட்டையைப் பார்த்தா மூஞ்சில எதையும் காட்டாம விலையைக் கேளுங்க, தேக்காவுல மீன் வாங்குற அம்மாங்க மாதிரி.

கிறிஸ்மஸ் ரெக்கார்டுக்குன்னே ஒரு தனி வியாதி இருக்கு. வருஷத்துல மூணு வாரம்தானே ஓடியிருக்கும், புதுசு மாதிரி இருக்கும்னு நெனப்போம். நேர்மாறு! அந்த மூணு வாரமும் பார்ட்டி. குடிச்சிட்டு முள்ளைப் பொத்துனு போட்டிருப்பாங்க, மேல சர்பத்து கொட்டியிருக்கும், குழந்தை கை வச்சிருக்கும். ஒண்ணு மேல ஒண்ணா ஆறு தட்டை அடுக்கி தானா விழ வைக்கிற மெஷின்ல போட்டு உராய்ஞ்சிருக்கும். அதனால அட்டை பளிச்னு இருக்குன்னு மயங்காதீங்க, தட்டை வெளிய எடுத்து போன் டார்ச்சை சாய்ச்சு அடிச்சுப் பாருங்க. மேலாகத் தெரியிற மெல்லிசு கீறல் பரவாயில்ல, நகத்தை வச்சு இழுத்தா தடுக்குதுன்னா அது 'டொக் டொக்'னு கேக்கும். கோடெல்லாம் கறுப்பு மங்கி சாம்பல் பூத்த மாதிரி இருந்தா முள்ளு தேய்ச்சே தின்னுருக்கு, எவ்வளவு கழுவினாலும் திரும்பாது. தரம் எழுதும்போது 'விஜி பிளஸ்'னு (வெரி குட் பிளஸ்) இருந்தா நல்லா கேக்கலாம், வெறும் 'விஜி'ன்னா இரைச்சல் இருக்கும், 'குட்'னு போட்டிருந்தா அந்த குட்டுக்கு குட் அர்த்தமே இல்ல.

எங்க வாங்குறதுன்னா, சுங்கை ரோடு சந்தை இருந்த வரைக்கும் ஞாயித்துக்கிழமை காலைல பசியாறிட்டு நேரா அங்கதான், 2017 ஜூலை 10ஆம் தேதியோட மூடிட்டாங்க, அதை நெனச்சா இன்னும் வயிறு எரியுது. இப்போ பழைய சாமான் விக்கிற கரோசெல் ஆப், சேல்வேஷன் ஆர்மியோட பழைய சாமான் கடைங்க, பிராஸ் பாசா பக்கம், பெனின்சுலா பக்கம், அடெல்ஃபி கட்டடத்து ஹை-ஃபை கடைங்களைச் சுத்தி இருக்கிற ரெக்கார்டு கடைங்க. இங்க கிறிஸ்மஸ் பொட்டியைத் தொறந்தா ஜிம் ரீவ்ஸ், ஜிம் ரீவ்ஸ், போனி எம், பிங் கிராஸ்பி, மறுபடியும் ஜிம் ரீவ்ஸ். சலிச்சுக்காம கடைசி வரைக்கும் தள்ளுங்க, நான் ஸ்டீவி வொண்டரைக் கண்டுபிடிச்சது அப்படித்தான், ரெண்டு ஜிம் ரீவ்ஸ் நடுவுல, ஆறு வெள்ளிக்கு. இங்க அறுபதுகள்ல வந்ததுல பிரிட்டிஷ் பதிப்பு நிறைய, அதனால மோட்டவுன்காரங்க பாட்டு 'டாம்லா மோட்டவுன்'ங்கிற லேபிள்ல இருக்கும், அது போலி இல்ல, இங்கிலாந்துல 1965லேர்ந்து அந்தப் பேர்லதான் விட்டாங்க. சத்தமும் அருமையா இருக்கும்.

நாப்பது அம்பதுகளோட 78 தட்டு வேணும்னா வெளிநாட்டுலேர்ந்துதான் வரவழைக்கணும், இங்க கிடைச்சா அது அதிர்ஷ்டம். இங்கதான் மார்ச் மாசம் வருது. ஜனவரிலேர்ந்து ஜூலை வரைக்கும் கிறிஸ்மஸ் ரெக்கார்டைத் தேடுற ஆளே கம்மி, விக்கிறவருக்கும் அலமாரி காலியாகணும், பேரம் பேசினா பேசுவாரு. அக்டோபர் வந்துட்டா அதே தட்டு ரெண்டு மடங்கு. தபால் செலவையும் கணக்குல வைங்க, ஒரு தட்டுக்கு அனுப்புற காசுக்கும் அஞ்சு தட்டுக்கு அனுப்புற காசுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது, அதனால ஒரே ஆள்கிட்ட சேர்த்து வாங்குங்க. 2023லேர்ந்து 400 வெள்ளிக்குக் கீழ உள்ள சாமானுக்கும், ஜிஎஸ்டிக்குப் பதிவு பண்ணின வெளிநாட்டு தளத்துல வாங்கினா ஜிஎஸ்டி உண்டு, இப்போ 9 விழுக்காடு. அதுக்கு மேல போனா இங்க வந்து இறங்கும்போது கட்டணும்.

78 தட்டை பேக் பண்ற விதத்தை முன்னாடியே சொல்லிடுங்க, வெக்கப்படாதீங்க. தட்டை விட பெரிய ரெண்டு கெட்டி அட்டைக்கு நடுவுல ஆடாம வச்சு, அதைச் சுத்தி ஒரு விரக்கடை அளவுக்கு மெத்து மெத்துன்னு அடைச்சு, பொட்டிக்குள்ள எந்தப் பக்கமும் இடிக்காம மிதக்கணும். எல்பின்னா தட்டை அட்டைக்கு வெளிய எடுத்து தனியா வச்சு அனுப்பச் சொல்லுங்க, இல்லேன்னா வழியில குலுங்கி அட்டையோட விளிம்பைக் கிழிச்சிட்டுத்தான் வந்து சேரும்.

மெஷின் விஷயத்துல ரெண்டு பள்ளம் இருக்கு. ஒண்ணு, அழகா இருக்கேன்னு அமெரிக்காலேர்ந்து பழைய பிளேயரை இறக்கிடாதீங்க. அங்க 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்க 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வோல்ட்டைக் குறைச்சிடலாம், ஆனா ஹெர்ட்ஸ் மாறாது. பழைய மோட்டார் அந்த ஹெர்ட்ஸை நம்பித்தான் சுத்துது, அதனால 78ல சுத்த வேண்டியது 65லதான் சுத்தும், சுருதி ஒன்றரைக் கட்டை இறங்கிடும். ஏற்கனவே சோம்பலா பாடுற சார்ல்ஸ் பிரவுன் அப்படியே படுத்துடுவாரு.

ரெண்டாவது, முள்ளு. 78 தட்டோட கோடு அகலம், எல்பி கோடு மெலிசு. எல்பி முள்ளை 78ல வச்சா அது பள்ளத்தோட அடியில போய் குப்பையைக் கிளறிட்டு வரும், பாட்டு கேக்காது, மீன் பொரிக்கிற சத்தம்தான் கேக்கும். 78க்குன்னே 3 மில் (ஒரு மில்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு) தடிமன்ல முள்ளு விக்கிறாங்க, எல்பி முள்ளு 0.7 மில். ஆடியோ-டெக்னிகா எல்பி120எக்ஸ் மாதிரி 33, 45, 78 மூணும் ஓடுற மெஷின் ஒண்ணு, விஎம்என்95எஸ்பின்னு 78 முள்ளு ஒண்ணு, முள்ளை மட்டும் கழட்டி மாட்டிக்கலாம். சூட்கேஸ் மாதிரி இருக்கிற மலிவு பிளேயர்ல 78ன்னு ஒரு பட்டன் இருக்கும், பட்டன் இருக்கு சரி, அதுக்கேத்த முள்ளு இருக்கான்னு பாருங்க. அமெரிக்கா 45க்கு நடுவுல பெரிய ஓட்டை, பிரிட்டிஷ் 45க்கு சின்ன ஓட்டை, பெருசுக்கு ஒரு அடாப்டர் வேணும், ரெண்டு மூணு வெள்ளி சாமான், வாங்கி மெஷின் பக்கத்துலயே நூல் கட்டித் தொங்கவிடுங்க, பார்ட்டி நேரத்துல அதைத்தான் காணோம்னு தேடுவீங்க.

கழுவுறதுல நான் செஞ்ச பாவத்தையும் சொல்லிடுறேன். வினைல் தட்டைக் கொஞ்சம் ஆல்கஹால் கலந்த தண்ணியில துடைக்கிற வழக்கம் எனக்கு. ஒரு நாள் அதே துணி, அதே பாட்டில், கை பழக்கத்துல ஒரு 78 மேல ஒரு இழுப்பு இழுத்தேன். துணி பழுப்பா ஆச்சு. அழுக்கு வருதுன்னு சந்தோஷமா இன்னொரு இழுப்பு. அழுக்கு இல்ல அது, தட்டே கரைஞ்சு வருது! 78 தட்டு செஞ்சது அரக்குல, பூச்சி சுரக்கிற அரக்கு, மகாபாரதத்துல வர்ற அரக்கு மாளிகை அரக்கேதான். அதுக்கு நெருப்பு எப்படியோ இதுக்கு ஆல்கஹால் அப்படி. ரெண்டு அங்குலத்துக்கு கோடே இல்லாம கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு, முள்ளு அங்க வந்தா வழுக்கிட்டு லேபிளுக்குப் போயிடும்.

அதனால 78க்கு காய்ச்சி வடிச்ச தண்ணி, அதுல ஒரே ஒரு சொட்டு பேபி ஷாம்பூ, மெல்லிசான துணி, கோடு போற போக்குலயே வட்டமா துடைக்கணும், குறுக்கால தேய்க்கக் கூடாது. லேபிள் நனையக் கூடாது. அப்புறம் வெறும் காய்ச்சி வடிச்ச தண்ணியில இன்னொரு தடவை துடைச்சு, தட்டு கழுவி வைக்கிற ராக்ல நிக்க வச்சு ஃபேன் காத்துல காய விடுங்க. குழாய்த் தண்ணி வேணாம், காஞ்சா வெள்ளையா திட்டு நிக்கும். அறுபதுகளோட அமெரிக்க 45ல சிலது வினைல் இல்ல, ஸ்டைரீன், ரொம்ப லேசா, தட்டினா பிளாஸ்டிக் மூடி மாதிரி சத்தம் வரும். அதுக்கும் ஆல்கஹால் வேணாம், தேஞ்ச முள்ளும் வேணாம், சீக்கிரமே கரகரத்துடும்.

நம்ம ஊருல பெரிய எதிரி ஈரம்தான். வருஷம் பூரா காத்துல தண்ணி, டிசம்பர்ல மழை வேற. ரெக்கார்டு பதினோரு மாசம் சும்மா உட்கார்ந்திருக்கிறதால பூஞ்சை புடிக்க அதுக்கு நல்ல வசதி. பழைய காகித உறையைத் தூக்கிப் போட்டுட்டு உள்பக்கம் வழுவழுன்னு பிளாஸ்டிக் வச்ச உறை மாத்துங்க. வெளி உறை கெட்டி பிவிசி வாங்காதீங்க, நம்ம வெயிலுக்கு அது வேர்த்து தட்டுல பனி படிஞ்ச மாதிரி ஒரு கறையை ஒட்டிடும், அது போகவே போகாது, பாலி உறை போதும். நிக்க வைங்க, அடுக்கி வைக்காதீங்க. மேற்கு வெயில் அடிக்கிற ஜன்னல் பக்கம் வேணாம், அடுப்படி சுவத்துப் பக்கமும் வேணாம், தாளிக்கிற எண்ணெய்ப் புகை மெதுமெதுவா போய் படியும். எங்க வீட்டுல வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது அம்மா அந்த ரூம் கதவைச் சாத்திட்டுத்தான் போடுவாங்க, 'உன் வெள்ளைக்காரத் தாத்தாவுக்கு இருமல் வந்துடும்'னு ஒரு நக்கல் வேற. சார்ல்ஸ் பிரவுன் கறுப்பர்னு சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு. வசதி இருந்தா கேமராக்காரங்க வச்சிருக்கிற, ஈரத்தைக் கட்டுப்படுத்துற டிரை கேபினட் ஒண்ணு வாங்கி 45லேர்ந்து 50 விழுக்காடு ஈரத்துல வைங்க, அரிதான 45ங்களும் 78ங்களும் அதுல போகட்டும். இல்லையா, மூடி போட்ட பொட்டில சிலிக்கா ஜெல் போட்டு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா மாத்துங்க.

பார்ட்டி அன்னைக்கு எப்படிப் போடுறதுன்னும் கேக்குறாங்க. 78ஐ பார்ட்டிக்குக் கொண்டு வராதீங்க, மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை நீங்கதான் எழுந்து ஓடணும், பிரியாணி ஆறிடும். ஆளுங்க வர்ற நேரத்துல மோட்டவுன் எல்பி, சாப்பாட்டு நேரத்துல புக்கர் டி, பாட்டுல வார்த்தை இல்லாததால பேச்சு கெடாது. சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் சோபாவுல சரியும்போது 'சோல் கிறிஸ்மஸ்'. பத்தரை மணிக்கு மேல பக்கத்து வீட்டுக்காக சத்தத்தைக் குறைச்சு, மிச்சம் இருக்கிற ரெண்டு மூணு பேருக்காக மட்டும் 78 முள்ளை மாட்டி சார்ல்ஸ் பிரவுன். அந்த நேரத்துக்குத்தான் அவரு பாடினதே.

ஜனவரி 6ஆம் தேதி நான் எல்லாத்தையும் ஒரு தடவை துடைச்சு, உறை மாத்தி, ஜெல் போட்டு உள்ள வச்சிடுவேன். பொட்டி மூடியோட உள்பக்கத்துல ஒரு துண்டுப் பேப்பர் ஒட்டியிருக்கேன், இன்னும் கிடைக்காத தட்டுங்க லிஸ்ட்டு. ஒவ்வொண்ணா அடிச்சு அடிச்சு இப்போ ஒரே ஒரு வரி மிச்சம், 1947, எக்ஸ்குளூசிவ் லேபிள், 78, கோடு தேயாதது. யாருகிட்டயாவது இருந்தா சொல்லுங்க, ஆனா தயவு செஞ்சு நவம்பர்ல சொல்லாதீங்க.